மொட்டை மாடித் தொலைநோக்கியில் ஒன்றும் தெரியாது என்பது பற்றி

விடுநர்:
சி பிளாக், ஏழாம் எண் வீட்டுச் செவிலியரின் தகப்பனார்,
அரசு ஊழியர் குடியிருப்பு.
(கடைத்தெருவில் பழைய ஆட்களிடம் "டெலஸ்கோப்பு" என்று கேட்டால் என்னைக் காட்டுவார்கள்.)

பெறுநர்:
நிர்வாக அதிகாரி அவர்கள்,
அரசு ஊழியர் குடியிருப்பு அலுவலகம், தரைத்தளம்.

பொருள்: அடுத்த பிளாக் வீட்டைத் தொலைநோக்கியால் எட்டிப் பார்த்ததாக என் மேல் வந்த புகார் – அதற்காக என் மகளை வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீசு – ரத்து செய்யக் கோருதல் – மேற்படி தொலைநோக்கியின் விளம்பரம் பொய் என்று புகார் அளித்தல் – தொடர்பாக.

பார்வை: 1. பி பிளாக் பதினொன்றாம் எண் வீட்டுப் பெரியவரின் புகார்க் கடிதம். 2. தங்கள் அலுவலகக் கண்காணிப்பாளர் எழுதிய கைப்பற்றுதல் குறிப்பு. 3. சென்ற புதன்கிழமை கிடைத்த நோட்டீசு.

மரியாதைக்குரிய ஐயா அவர்களுக்கு,

1. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல, தங்கள் அலுவலக வாசலில் மேசை போட்டிருக்கும் மனு எழுதுபவர் இதை எழுதுகிறார். ஒவ்வொரு பத்தியையும் திரும்பப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். ஒரு தடவை காதில் விழுந்தது எனக்குப் போகாது. ஓரிடத்தில் "சிரித்தேன்" என்று நான் சொன்னதை அவர் "மகிழ்வு கொண்டேன்" என்று எழுதியிருந்தார். அடித்துத் திருத்தச் சொன்னேன். அந்த அடித்தல் ஏழாம் பத்தியில் இருக்கிறது. அதற்காக மனுவைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

2. என் மகள் அரசு மருத்துவமனையில் பத்தொன்பது வருடமாகச் செவிலியர். பதினோரு வருடம் வரிசையில் காத்திருந்து, மூன்று வருடத்துக்கு முன்புதான் அவளுக்கு இந்த வீடு ஒதுக்கப்பட்டது. மகள், அவள் பிள்ளைகள் இருவர், நான், ஆக நால்வர் இருக்கிறோம். மருத்துவமனைக்கு நடந்தே போகலாம். ஏழு நாளுக்குள் தக்க விளக்கம் தராவிட்டால் மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றும், "ஒழுங்கீனம்" என்று அவளுடைய பணிப் பதிவேட்டில் எழுதப்படும் என்றும் நோட்டீசு சொல்கிறது. மகளே அதைப் படித்துக் காட்டினாள். ஒழுங்கீனம் என்ற இடத்தில் நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, மறுபடி படித்தாள். அவள் பத்தொன்பது வருடத்தில் ஒரு நாள்கூடத் தாமதமாகப் போனதில்லை. எட்டிப் பார்த்ததாகச் சொல்லப்படுகிறவன் நான். பதிவேட்டில் ஏறப்போவது அவள் பெயர். இன்று ஆறாவது நாள்.

3. விளக்கத்தைக் கருவியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. நாற்பத்தோரு வருடத்துக்கு முன் கடைத்தெரு நாற்சந்தியில் கடிகாரம், டார்ச் லைட், மூக்குக் கண்ணாடி விற்கும் கடையில் பெட்டி இறக்கி ஏற்றும் வேலையில் இருந்தேன். ஒரு வியாழக்கிழமை, தூறல் நாள், பன்னிரண்டு நீளப் பெட்டிகள் வந்து இறங்கின. பெட்டி மேல் வண்ணப் படம். ஒரு குடும்பமே வாயைப் பிளந்து மேலே பார்க்கும். அவர்கள் தலைக்கு மேல் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சனி கிரகம், வளையத்தோடு நிற்கும். பில் போடுகிறவர் பெட்டியில் எழுதியிருந்ததை முதலாளிக்காக மூன்று தடவை படித்தார். மூன்றாம் தடவை அவர் ஒரு வரியை விட்டுவிட்டார். குனிந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டிருந்த நான் அதை எடுத்துக் கொடுத்தேன். முதலாளி திரும்பிப் பார்த்தார். "ஏய், உனக்குப் படிக்கத் தெரியுமா?" என்றார். "தெரியாதுங்க முதலாளி. கேட்டா மறக்காது, அவ்வளவுதான்" என்றேன். "அப்ப பெட்டியைக் கீழ வை. வாசல்ல போய் நின்னு இதையே கத்து" என்றார். அன்று முதல் கத்தினேன். கத்தியது இது, ஒரு வார்த்தையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை:

"வானத்தை உங்கள் வீட்டு மொட்டை மாடிக்குக் கொண்டு வாருங்கள்! நானூற்றைம்பது மடங்கு பெரிதாக்கிக் காட்டும் அதிசயக் கருவி! நிலவின் மலைகளை எண்ணுங்கள்! சனியின் வளையங்களைச் சுற்றிப் பாருங்கள்! ஒரு மைல் தூரத்தில் பிடித்திருக்கும் செய்தித்தாளைப் படியுங்கள்! விஞ்ஞானிகள் வியந்தது, இனி உங்கள் கையில்!"

பெட்டியில் கம்பெனியின் பெயரும் விலாசமும் இருந்த மூலையைக் கரையான் தின்றுவிட்டது. விளம்பரம் இருந்த பக்கத்தை அது தொடவில்லை. அதனால் யார் மேல் இந்தப் புகார் என்று தங்கள் அலுவலகம் கேட்டால் என்னால் சொல்ல முடியாது. ஆனால் கத்திய வாய் என்னுடையது. ஆகையால் கம்பெனி கிடைக்கிற வரை எதிர்த்தரப்பாக என்னையே எழுதிக்கொள்ளலாம். எனக்கு ஆட்சேபம் இல்லை.

4. அடுத்தது, கருவியைக் கடையில் சோதித்துக் காட்டிய விதம். கடை வாசலில் மூன்று கால் மரத் தாங்கியில் ஒன்றைப் பூட்டி வைத்தோம். நாற்சந்திக்கு எதிர்ப்புறம், நல்ல தூரத்தில், ஒரு பல் வைத்தியரின் பெயர்ப்பலகை. குழாயை அதற்கு நேராகத் திருப்பி வைத்திருப்போம். வருகிறவர் ஒரு கண்ணை மூடி மறு கண்ணை வைத்துப் பார்ப்பார். "தெரியுதா சார்?" என்பேன். "தெரியுதே! பல் வைத்தியர், காலை ஒன்பது முதல் ஒன்று வரைன்னு போட்டிருக்கு!" என்பார். ஊரில் பிறந்த எல்லோருக்கும் அந்தப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியும். பாதிப் பேருக்கு அந்த வைத்தியர்தான் பல் பிடுங்கியிருந்தார். படித்தவர்கள் யாரும் அந்தப் பலகையைக் குழாய் வழியாகப் படிக்கவில்லை ஐயா. தெரிந்ததைச் சொன்னார்கள்.

கூட்டம் இல்லாத நேரத்தில் நானும் கண் வைத்துப் பார்த்தேன். மழையில் நனைந்த எறும்புக் கூட்டம் போல ஏதோ கறுப்பாக, ஓரமெல்லாம் ஊதாவும் மஞ்சளுமாக, தலைகீழாக, நடுங்கிக்கொண்டு இருந்தது. கருவி மேல் எனக்குத் துளியும் சந்தேகம் வரவில்லை. படிக்காதவன் கண்ணுக்கு எழுத்து இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது, படித்தவர்களுக்கு அது நேராக நிமிர்ந்து நிற்கும் என்று நினைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடம் போகாத குறை என்று அன்று மனசுக்குள் நொந்துகொண்டேன். ஒரு மாத காலம் இந்த எண்ணத்தோடுதான் கத்தினேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

5. பன்னிரண்டும் விற்றன. பதினொன்று திரும்பி வந்தன. யார் யார் என்றும் சொல்ல முடியும். முதலில் வந்தவர் போட்டோ ஸ்டூடியோக்காரர், ஞாயிற்றுக்கிழமை காலை, கடை திறக்கும் முன்பே ஷட்டர் பக்கம் நின்றார். "யோவ், சனியைச் சுத்திப் பாருன்னியே, எனக்குத் தலைதான்யா சுத்துது!" என்றார். அப்புறம் பஸ் டிரைவர். அப்புறம் தையல்காரரும் அவர் மச்சானும் சேர்ந்து வந்தார்கள். இரண்டு பேரும் ஒன்றைப் பங்கு போட்டு வாங்கி, எதுவும் தெரியாததற்கு ஒருவரை ஒருவர் குறை சொல்லிப் பேச்சு வார்த்தையை நிறுத்தியிருந்தார்கள். அப்புறம் கணக்கு வாத்தியார். வீட்டுக்காரம்மா அவரைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். "சொல்லுங்க, அன்னைக்கு மாடியில நிலான்னு எதைக் காட்டினீங்கன்னு சொல்லுங்க" என்றார். வாத்தியார் மெதுவாக, "தெரு விளக்கு" என்றார்.

முதலாளி எவரிடமும் சண்டை போடவில்லை. எல்லோரையும் நாற்காலியில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சார், எல்லாருக்கும் தெரியுது, உங்களுக்கு மட்டும் தெரியலேங்கறீங்க. கண்ணை எப்ப கடைசியா காட்டினீங்க?" பிறகு உள்ளே கூட்டிப்போய் மூக்குக் கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பார். தொலைநோக்கியோடு வந்தவர்களில் ஒன்பது பேர் மூக்குக் கண்ணாடியோடு திரும்பிப் போனார்கள். அதில் கணக்கு வாத்தியார் வெளியே வந்ததும் பல் வைத்தியரின் பலகையைப் பார்த்து, "அட, இப்ப நல்லா தெரியுதே!" என்றார். அதைத் தொலைநோக்கி இல்லாமல் பார்த்தார்.

திரும்பி வந்ததில் ஒன்றை, தாங்கியின் காலில் சிராய்ப்பு இருந்ததை, முதலாளி பெட்டியோடு எனக்கே கொடுத்துவிட்டார். வீட்டுக்குக் கொண்டுபோய் நிலாவைப் பார்த்தேன். நிலாவைப் படிக்க எழுத்துத் தெரிய வேண்டியதில்லை அல்லவா? உடைத்து ஊற்றிய முட்டை போல ஒன்று ஆடியது. அது ஆடி நிற்பதற்குள் நிலா குழாயை விட்டு நகர்ந்துவிட்டது. மறுபடி தேடிப் பிடித்தால் மறுபடி ஆட்டம். அப்போதுதான் என் படிப்பின் மேல் தப்பில்லை, குழாயின் மேல்தான் தப்பு என்று தெரிந்தது. ஆனால் அதற்குள் தெருவில் எனக்கு "டெலஸ்கோப்பு" என்று பெயர் வந்துவிட்டது. போகிற வருகிறவர் எல்லாம், "என்ன டெலஸ்கோப்பு, சனி சௌக்கியமா?" என்பார்கள். "சௌக்கியம், வளையம் போட்டுக்கிட்டு இருக்கு" என்பேன். இந்தப் பதிலை நாற்பது வருடம் சொல்லியிருக்கிறேன். இது என் தரப்புக் குற்றம்.

6. திரும்பி வராத ஒரே ஒரு தொலைநோக்கியை வாங்கியவர், இப்போது என் மேல் புகார் கொடுத்திருக்கும் பி பிளாக் பெரியவர். அப்போது அவர் ஓர் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த எழுத்தர். சட்டைப் பையில் நீல மசிக் கறை இருக்கும். பின்னாளில் தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றார். இப்போது மகன் வீட்டில் இருக்கிறார். மூன்று வருடத்துக்கு முன் நாங்கள் குடிவந்த அன்றே படிக்கட்டில் அவரை அடையாளம் கண்டுகொண்டேன். அவர் என்னைக் கண்டுகொள்ளவில்லை. வாசலில் கத்துகிறவன் முகம் யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை.

அவர் வாங்கிப்போன ஒரு மாதம் கழித்துக் கடைப் பக்கம் வந்தார். "எப்படி சார் இருக்கு?" என்று கேட்டேன். "பிரமாதம்யா! வளையம் எண்ணி மூணு! எங்க மேனேஜரையே வீட்டுக்குக் கூப்பிட்டுக் காட்டினேன், மனுஷன் அசந்துட்டார்!" என்றார். மேனேஜர் பார்த்துவிட்டுத் தெரிகிறது என்று சொன்ன பிறகு, அலுவலகத்தில் இருந்த மற்றவர்களுக்கும் வரிசையாக வந்து பார்த்துத் தெரிகிறது என்று சொல்வதைத் தவிர வேறு வழி இல்லை. மேனேஜருக்குத் தெரிந்தது தனக்குத் தெரியவில்லை என்று எந்த எழுத்தர் சொல்வார்? இத்தனை பேர் பார்த்துப் பாராட்டிய கருவியைக் கடைக்குத் திரும்பக் கொண்டுவருவது எப்படி? அவர் நிலைமையில் நான் இருந்தாலும் கொண்டுவந்திருக்க மாட்டேன். அவர் மேல் எனக்கு அன்றும் கோபம் இல்லை, இன்றும் இல்லை.

7. இனி இந்தச் சச்சரவின் காரணம். மூன்று மாதத்துக்கு முன் ஒரு சாயங்காலம், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துச் சிமென்டுப் பெஞ்சில் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தோம். யாரோ எங்கள் மாடியில் இருக்கும் குழாயைப் பற்றி என்னிடம் கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் பெரியவர், "அது சாதாரணக் கருவி இல்ல. என்கிட்டயும் ஒண்ணு இருந்தது. சனியோட வளையத்தை எண்ணியே பார்த்தவன் நான்" என்றார். "எத்தனை சார்?" என்று யாரோ கேட்டார்கள். "ஏழு" என்றார். அப்போது நான் சிரித்தேன். அடக்கப் பார்த்தேன், மூக்கு வழியாக வந்துவிட்டது. அவர் என் பக்கம் திரும்பி என்னை வெகுநேரம் பார்த்தார். நாற்பது வருடத்துக்குப் பிறகு அன்றுதான் என் முகம் அவருக்கு ஞாபகம் வந்தது என்று நினைக்கிறேன். எழுந்து போய்விட்டார். சரியாகப் பதினைந்தாம் நாள் புகார் கொடுத்தார்.

இதுதான் உண்மையில் நான் செய்த பிழை. அவர் வயதுக்கு நான் சிரித்திருக்கக் கூடாது. இதற்காக அவர் வீட்டு வாசலுக்கே போய் மன்னிப்புக் கேட்கவும் தயாராக இருக்கிறேன். ஆனால் சிரிப்புக்கு வீட்டைக் காலி செய்யச் சொல்லும் விதி குடியிருப்பு விதிகளில் இல்லை என்று மனு எழுதுபவர் சொல்கிறார்.

8. புகாரில் கண்ட குற்றச்சாட்டுகளுக்கு என் பதில்:

ஒரு மைல் தூரத்துச் செய்தித்தாளைப் படிக்கும் கருவியால், எண்பது அடி தூரத்தில் உள்ள தம் வீட்டில் மேசை மேல் கிடக்கும் கடிதங்களை நான் படித்துவிட்டேன் என்கிறார். ஐயா, என் கையில் கொடுத்த கடிதத்தையே என்னால் படிக்க முடியாது. தங்கள் நோட்டீசு வந்த அன்று அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு மகள் வரும்வரை இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அவர்கள் வீட்டுச் சமையலறையை நான் வேவு பார்ப்பதற்குச் சாட்சியாக, "இன்னைக்கு மீன் வறுத்தீங்களா?" என்று படிக்கட்டில் அவரிடம் கேட்டதை எழுதியிருக்கிறார். கேட்டது நிஜம். அன்று ஏ பிளாக்கில் இருந்தவர்களுக்கும் அது தெரியும். மீன் வறுத்ததை நான் கண்டுபிடித்தது மூக்கால். மூக்கைக் கைப்பற்ற அலுவலகத்துக்கு அதிகாரம் இருந்தால் ஒத்துழைக்கிறேன்.

நாள்தோறும் பகல் முழுக்கக் குழாய் தம் வீட்டையே நோக்கி இருந்தது என்கிறார். அதுவும் நிஜம். காரணம் வேறு. மொட்டை மாடியில் துணி காயப்போடும் கயிற்றின் ஒரு பக்கத்துக் கொக்கி இரண்டு வருடத்துக்கு முன் சுவரோடு பெயர்ந்து விழுந்தது. அதை மாட்டித் தரும்படி என் மகள் கொடுத்த மூன்று விண்ணப்பங்களும் தங்கள் அலுவலகத்தில் இருக்கின்றன. மூன்றாவதற்கு, "பரிசீலனையில் உள்ளது" என்று பதிலும் வந்தது. பரிசீலனை முடிகிறவரை அவளுடைய வெள்ளைச் சீருடைகள் காய வேண்டுமே என்று தொலைநோக்கியின் மூன்று கால் தாங்கியைக் கொண்டுபோய் நிறுத்தி, கால்களுக்குச் செங்கல் அணைத்து, கயிற்றை அதன் கழுத்தில் கட்டினேன். வெறும் தாங்கி காற்றுக்குச் சாய்ந்தது. குழாயையும் மேலே பூட்டிய பிறகு பாரம் ஏறி அசையாமல் நின்றது. கயிறு இழுக்கிற பக்கம் குழாய் திரும்பும். கயிற்றின் மறுமுனை பி பிளாக் பக்கத்துச் சுவரில் இருக்கிறது. புறா வந்து சீருடையைக் கெடுத்துவிடாமல் இருக்க நான் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பேன். வேவு பார்த்ததாகச் சொல்லப்படும் அத்தனை நாளும் குழாய்க்கு முன்னால் நான்கு சீருடைகளும் ஒரு போர்வையும் தொங்கின. விளம்பரத்தில் சொன்ன எந்த வேலையையும் செய்யாத அந்தக் கருவி, சொல்லாத இந்த ஒரு வேலையைக் குறையில்லாமல் செய்தது.

9. இதையெல்லாம் விசாரணையின் முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்று தாங்கள் கேட்கலாம். அன்று கண்காணிப்பாளர், "இதுல தூரத்துல உள்ளது தெரியுமா தெரியாதா, ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்று கேட்டார். பக்கத்தில் என் மகள் நின்றாள். "தெரியும்" என்று சொல்லிவிட்டேன். அவள் எட்டு வயதில் அந்தக் குழாயில் சனியைப் பார்த்தவள். அதாவது, நான் பார்க்க வைத்தவள். வளையம் தெரிகிறதா என்று கேட்டேன், தெரிகிறது என்று குதித்தாள். இன்றைக்கும் வார்டில் வலியில் அழுகிற பிள்ளைகளுக்கு ஊசி போடும்போது, தான் சனி கிரகத்தைக் கண்ணால் பார்த்த கதையைச் சொல்லித்தான் அழுகையை நிறுத்துவாளாம். அவள் முன்னால் தெரியாது என்று சொல்ல என் நாக்கு எழவில்லை.

நோட்டீசு வந்த பிறகு வேறு வழி இல்லாமல் சமையலறையில் வைத்து உண்மையைச் சொன்னேன். அவள் பாத்திரம் கழுவுவதை நிறுத்தினாள். "அப்ப நான் பார்த்தது என்னப்பா?" என்றாள். "உன் கண் இமை முடிம்மா. வெளிச்சத்துல வளைவா தெரியும்" என்றேன். தண்ணீர்க் குழாயை மூடிவிட்டுக் கையைத் துடைத்தாள். "முப்பது வருஷமா என் கண் இமையைப் பத்தியா எல்லாப் பிள்ளைங்ககிட்டயும் பெருமை அடிச்சிருக்கேன்?" என்றாள். அழுவாளோ என்று பார்த்தேன். அன்று வேலைக்குப் போய்விட்டு மறுநாள் காலை வந்தாள். வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், "என்கிட்ட சொன்ன மாதிரியே அந்த ஆபீசர்கிட்டயும் சொல்லுங்க. ஒண்ணு விடாம சொல்லுங்க. எனக்கு வீடு வேணும்பா" என்றாள். ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறேன்.

10. கடைசியாக ஒன்று. இதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். தங்கள் கண்காணிப்பாளர் மரியாதையான மனிதர். கருவியையும் அதன் பெட்டியையும் கைப்பற்ற வந்த அன்று ஈரச் சீருடைகளை அவரே மடித்துக் கொடுத்தார். அவருக்குத் தொல்லை வரக்கூடாது. ஆனால் அவர் எழுதிய கைப்பற்றுதல் குறிப்பில் இப்படி இருக்கிறது என்று மகள் படித்துச் சொன்னாள்: "மேற்படி கருவி அலுவலக மாடியில் வைத்துச் சோதித்துப் பார்க்கப்பட்டது. நெடுந்தொலைவில் உள்ள பொருள்கள் மிகத் துல்லியமாகத் தெரிகின்றன." இந்த இரண்டு வரியை வைத்துத்தான் எங்களுக்கு நோட்டீசு வந்தது.

ஐயா, அந்தக் குழாயின் முன்பக்கத்தில் ஒரு தகர மூடி இருக்கிறது. கறுப்பு நிறம்; சட்டென்று பார்த்தால் கண்ணாடி போலவே இருக்கும். ஆறு வருடத்துக்கு முன் மழையில் நனைந்து துருப்பிடித்து இறுகிவிட்டது. நான் முறுக்கிப் பார்த்தேன், வரவில்லை. பேரன் குறடு வைத்து இழுத்தும் வரவில்லை. நான் கடைசியாகப் பார்த்தபோதும் மூடி அப்படியேதான் இருந்தது. கைப்பற்றியவர்கள் அதைக் கழற்றியதாகக் குறிப்பில் ஒரு வார்த்தையும் இல்லை.

கண்காணிப்பாளர் பொய் எழுதினார் என்று நான் சொல்ல மாட்டேன். பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்திருப்பார். அந்தப் பெட்டியைப் படித்துவிட்டுக் குழாயில் கண் வைத்தால் எதுவும் தெரியாமல் இருப்பது கஷ்டம். மேனேஜருக்கு நடந்தது, கணக்கு வாத்தியாருக்கு நடந்தது, அவருக்கும் நடந்திருக்கிறது. அவர் மேல் நடவடிக்கை எதுவும் வேண்டாம் என்று தனியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

11. ஆகவே நான் வேண்டுவது இவ்வளவுதான். தொலைநோக்கியைத் தாங்களே ஒரு வேலை நாளில், காலைப் பதினொரு மணிக்கு, எங்கள் மொட்டை மாடிக்குக் கொண்டுவரச் சொல்ல வேண்டும். பெட்டியைக் கொண்டுவர வேண்டாம். பி பிளாக் பெரியவர் தம் வீட்டுப் பால்கனியில் நின்று ஏதாவது ஒரு செய்தித்தாளை விரித்துப் பிடிக்கட்டும். அது தாங்கள் அன்று காலையில் படித்த செய்தித்தாளாக இருக்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் யாரும் தங்களிடம் தெரிகிறதா என்று கேட்கக் கூடாது. நானும் கேட்க மாட்டேன், கீழே தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்விடுகிறேன். முதலில் மூடியோடு பார்க்க வேண்டும். பிறகு மூடியை வெட்டி எடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும். கருவி கெட்டுவிடுமே என்ற கவலை வேண்டாம்.

பார்த்த பிறகு என் மகளுக்கு அனுப்பிய நோட்டீசை ரத்து செய்து, அவளுடைய பதிவேட்டில் எதுவும் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பெரியவர் தாமாகவே புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் இந்தச் சோதனையே தேவையில்லை. அவருடைய கருவியில் என்ன தெரிந்தது என்று நான் இனி எங்கேயும் பேச மாட்டேன். கொக்கி விஷயம் தனி. அதை இதோடு சேர்க்க வேண்டாம், மறுபடி பரிசீலனைக்குப் போய்விடும்.

அந்தக் குழாயில் இதுவரை எத்தனையோ பேர் கண் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். வீட்டுக்குள் முணுமுணுத்தவர்கள் உண்டு, கடை வாசலில் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. ஆனால் பார்த்ததைப் பார்த்தபடி ஒருவரும் தாளில் எழுதியதில்லை. எழுதப்பட்டதெல்லாம் பெட்டி மேல் இருப்பதும், கைப்பற்றுதல் குறிப்பில் இருப்பதும் மட்டும்தான். எழுத்தில் இருப்பதைத்தான் அலுவலகம் நம்பும் என்பது எனக்குத் தெரியும். தாங்கள் கண் வைத்துப் பார்த்து, ஒன்றும் தெரியாவிட்டால், "ஒன்றும் தெரியவில்லை" என்று இரண்டு வார்த்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அந்த இரண்டு வார்த்தையில்தான் என் மகளின் வீடு நிற்கிறது. எனக்கு எழுத வந்திருந்தால் நாற்பத்தோரு வருடத்துக்கு முன்பே அதை நானே எழுதிக் கடை வாசலில் ஒட்டியிருப்பேன்.

தங்கள் கண்ணை நம்பிக் காத்திருக்கும்,

(இடது கைப் பெருவிரல் ரேகை)
சி பிளாக் ஏழாம் எண் வீட்டுச் செவிலியரின் தகப்பனார்

நாள்: நோட்டீசு கிடைத்த ஆறாம் நாள், திங்கட்கிழமை.
இடம்: குடியிருப்பு அலுவலக வாசல், மனு எழுதும் மேசை.

மேற்படி நபர் சொன்னதைச் சொன்னபடி எழுதி, மூன்று முறை படித்துக் காட்டினேன்: மனு எழுதுபவர் (கையொப்பம்).